எத்தனை தெரிகிறதோ, அத்தனையே எழுது

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்கள். இந்த நாட்களில் வானம் பார்க்கச் சொன்னால், "மேகம்தானே சார் தெரியும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். பாதி நாட்களில் அது உண்மைதான். ஆனால் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த மாலையில் வெளியே வந்து பாருங்கள். கோடை முழுவதும் காற்றில் தங்கியிருந்த தூசியை மழை கழுவியிருக்கும். மேகம் விலகிய இடத்தில் விண்மீன்கள் துலக்கி வைத்த பாத்திரம் போலப் பளிச்சிடும். ஆண்டின் தெளிவான வானம் சில சமயம் இந்த மழை இடைவெளிகளில்தான் கிடைக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகள் பேரண்டம், விண்மீன், ஒளியாண்டு ஆகிய சொற்களைப் படிக்கிறார்கள். தேர்வில் சரியாக எழுதவும் செய்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு விண்மீனைப் பெயர் சொல்லி விரல் நீட்டிக் காட்டுவார்கள்? நான் சில ஆண்டுகளாக என் மாணவர்களுக்கு இந்த மாதங்களில் ஒரே ஒரு வீட்டுவேலை தருகிறேன். கார்த்திகை விண்மீன் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அதில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணி, படம் வரைந்து வர வேண்டும். தொலைநோக்கி வேண்டாம், செலவும் இல்லை. இந்தச் சிறிய வேலைக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கண்டுபிடிப்பது எப்படி?

கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. சிறு பிள்ளைக்குக் கை சிறியது, முஷ்டியும் சிறியது. ஆகவே இந்த அளவு எல்லா வயதினருக்கும் பொருந்தும். வானத்தை அளக்கும் அளவுகோல் எல்லோர் கையிலும் இருக்கிறது என்று சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நவம்பர் நடுவில், இரவு எட்டு மணிக்குக் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். சற்றே வடக்காகத் திரும்பி, அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் பார்த்தால் சிறிய விண்மீன்கள் நெருக்கமாகக் கொத்தாகத் தெரியும். அதுதான் கார்த்திகை. அதற்குக் கீழே ஒன்றரை முஷ்டி தொலைவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தனி விண்மீன் இருக்கும். அது ரோகிணி. ரோகிணியைக் கண்டுவிட்டால் பார்த்தது கார்த்திகைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். டிசம்பரில் இதே நேரத்தில் இரண்டும் நன்றாக மேலே ஏறியிருக்கும். அவற்றின் கீழே வேட்டைக்காரன் கூட்டத்தின் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அந்த மூன்றுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். உழவர்களும் மீனவர்களும் கடிகாரமாகப் பயன்படுத்திய விண்மீன்கள் இவை. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும்.

படத்தில் இல்லாத பிரகாசமான ஒளி ஒன்று அருகில் தெரிந்து, அது மினுக்காமல் நிலையாக இருந்தால் பெரும்பாலும் அது ஒரு கோள்.

ஆறா, ஏழா?

நம் கதையில் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர். தமிழில் இக்கூட்டத்துக்கு அறுமீன் என்றும் பெயர் உண்டு. கிரேக்கர்கள் இதையே ஏழு சகோதரிகள் என்றார்கள். கெப்ளரின் ஆசிரியரான மைக்கேல் மேஸ்ட்லின், தொலைநோக்கி வருவதற்கு முன்பே, 1579இல் இக்கூட்டத்தில் 11 விண்மீன்களைக் குறித்து வைத்தார். கலிலியோ 1610இல் வெளியிட்ட நூலில், தொலைநோக்கி வழியே கண்ட 36 விண்மீன்களை வரைந்து காட்டினார். உண்மையில் இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கொண்ட கூட்டம். நம்மிடமிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது.

ஆகவே "எத்தனை?" என்பதற்கு ஒரே சரியான விடை கிடையாது. தெருவிளக்கு, நிலவொளி, காற்றின் ஈரம், பார்ப்பவரின் கண், இருட்டில் நின்ற நேரம் ஆகிய எல்லாமே விடையை மாற்றும். இருட்டுக்கு நம் கண் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். நடுவில் ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இன்னொரு உத்தியும் உண்டு. மங்கலான விண்மீனை நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பினால் அது தெளிவாகத் தெரியும். விழித்திரையின் நடுவில் நிறம் உணரும் கூம்பு செல்கள் நெருக்கமாக உள்ளன. மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அதைச் சுற்றியே மிகுதியாக உள்ளன. பாடநூலில் படமாகப் பார்த்த கூம்பும் குச்சியும் தன் கண்ணுக்குள்ளேயே வேலை செய்வதை மாணவர் உணரும் இடம் இது.

இங்கேதான் ஆசிரியரின் பங்கு வருகிறது. பிள்ளைகளுக்கு "ஆறு" என்ற எண் முன்பே தெரியும். ஐந்து மட்டும் தெரிந்த பிள்ளையும் ஆறு என்றுதான் எழுதப் பார்க்கும். விடை தவறாகிவிடுமோ என்ற பயம். அதனால் நான் எண்ணை மட்டும் கேட்பதில்லை, படமாக வரைந்து கேட்கிறேன். எண்ணைப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து எழுதிக்கொள்ளலாம். புள்ளிகள் எங்கெங்கே இருந்தன என்பதைப் பார்த்தவரால்தான் வரைய முடியும்.

ஒருமுறை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எட்டு என்று எழுதி வந்தாள். வகுப்பே சிரித்தது. அவள் வரைந்த புள்ளிகளை விண்மீன் வரைபடத்தோடு வகுப்பின் முன்னிலையில் ஒப்பிட்டோம். எட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது, சுற்றிலும் தெருவிளக்கு இல்லை. சிரித்தவர்கள், "எங்கள் தெருவில் ஏன் ஐந்துதான்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒளி மாசு பற்றிய பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே நடத்த முடிந்தது.

அதே ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சின்னப் புகை மாதிரி இருக்கிறது, எண்ண முடியவில்லை" என்று எழுதியிருந்தான். அவன் தெருவிலேயே இருக்கும் மற்றவர்கள் ஐந்து, ஆறு என்று எழுதியிருந்தார்கள். அவன் எப்போதும் முதல் வரிசையில் உட்காருபவன், கரும்பலகையில் எழுதுவதைப் பிழையின்றி எழுதிக்கொள்பவன். கடைசி வரிசைக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். முடியவில்லை. கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கண்ணாடி கிடைத்த வாரத்தில் மறுபடியும் பார்த்துவிட்டு வந்து, "இப்போது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது சார், ஆறு" என்றான். அவனும் மற்றவர்களைப் போல முதல் நாளே "ஆறு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் குறைபாடு இன்னும் எத்தனை நாள் மறைந்திருக்குமோ!

கண்டதைக் கண்டபடி எழுதுவதுதான் அறிவியலின் முதல் ஒழுக்கம். அப்படி எழுதிய பிள்ளை வகுப்பில் தலைகுனியாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

மாதத்தின் பெயரே ஒரு உற்றுநோக்கல்

கார்த்திகை மாதத்துக்கு அப்பெயர் ஏன் வந்தது? அந்த மாதத்து முழுநிலவு கார்த்திகை விண்மீனை ஒட்டி நிற்பதால். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் ஆகிய திருநாட்களின் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாமே முழுநிலவை ஒட்டி வருபவை. பெயரின் முதல் பாதி மாதம், இரண்டாம் பாதி அப்போது நிலவு நிற்கும் விண்மீன். நாட்காட்டியே ஒரு வானியல் பதிவேடு!

நிலவு விண்மீன்களிடையே ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகும். ஆகவே வான வட்டத்தின் 360 பாகையை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரப் பெயர் வைத்தார்கள். ஒரு பகுதி 13⅓ பாகை. நிலவு ஒரு நாளில் நகரும் தொலைவும் ஏறத்தாழ அதுதான். 27 நட்சத்திரங்கள் என்பவை வானச் சாலையின் மைல்கற்கள். மாணவர்களிடம் இதை இப்படியே சொல்லலாம். மைல்கல் ஊரின் தொலைவைச் சொல்லும், பயணியின் தலைவிதியைச் சொல்லாது. வானியலையும் சோதிடத்தையும் பிரித்துக் காட்ட நீண்ட விவாதம் தேவையில்லை, இந்த விளக்கம் போதும்.

திருக்கார்த்திகையை ஒட்டிய மூன்று நாட்கள் தொடர்ந்து நிலவின் இடத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். ஒரு நாள் கார்த்திகைக்கு மேற்கே இருக்கும் நிலவு, அடுத்த நாள் அதை ஒட்டியும் அதற்கடுத்த நாள் கிழக்கே ரோகிணியின் பக்கமாகவும் நகர்ந்திருக்கும். முழுநிலவின் வெளிச்சத்தில் கார்த்திகை மங்கிவிடும். நிலவைத் தென்னை மரத்துக்கோ வீட்டுச் சுவருக்கோ பின்னால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் எல்லா ஆண்டும் ஒரே நாளில் வருவதில்லை, ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். ஏன் என்பதை மேல் வகுப்பு மாணவர்கள் நாட்காட்டியை வைத்து ஆராயட்டும்.

தமிழாசிரியர்களும் இதில் சேரலாம். அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் இதே காட்சியைச் சொல்கிறார். மழை நீங்கிய வானில் நிறைமதி அறுமீனோடு சேரும் இரவையும், அன்று ஊரில் விளக்கேற்றி விழா எடுப்பதையும் அப்பாடலில் காணலாம். மழை, நிலவு, விண்மீன் மூன்றும் அதில் சரியான வரிசையில் இருக்கின்றன. பாடலை வகுப்பில் படித்துவிட்டு அன்றிரவே வானில் சரிபார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். மே மாதத்தில் கார்த்திகையைத் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கார்த்திகை மாதத்தில் நிலவு அறுமீன் அருகே இருக்கிறது என்றால், சூரியன் வானின் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, பூமி தன் பாதையில் பாதிச் சுற்று முடித்ததும், சூரியன் கார்த்திகை இருக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். அப்போது அது பகல் வெளிச்சத்தில் மறைந்துபோகும். நாம் கத்திரி வெயில் என்றும் அக்னி நட்சத்திரம் என்றும் சொல்வது அந்த நாட்களைத்தான். அந்த "நட்சத்திரம்" இதே கார்த்திகை! வெயிலுக்குக் காரணம் விண்மீன் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ செங்குத்தாக நிற்கிறது, நிலம் நாளுக்கு நாள் சூடேறுகிறது. விண்மீனின் பெயர் அந்த நாட்களுக்கு ஓர் அடையாளம் மட்டுமே.

தலைக்கு மேல் ஒரு சதுரம்

கார்த்திகையைக் கண்ட மாணவர் அங்கேயே நிற்க மாட்டார். அடுத்து என்ன என்று கேட்பார். நவம்பர் நடுவில் இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேலே, சற்று வடக்காக, நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றரை முஷ்டி. இது பெகாசஸ் சதுரம். மேற்குப் பக்கத்து இரண்டு விண்மீன்கள் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி.

இந்தச் சதுரம் ஒரு திசைகாட்டி. மேற்குப் பக்கக் கோட்டைத் தெற்கே நீட்டினால், நாலரை முஷ்டி தொலைவில் தனியாக மின்னும் ஒரு விண்மீனில் முடியும். அதன் பெயர் ஃபோமல்ஹாட். கிழக்குப் பக்கக் கோட்டை வடக்கே மூன்று முஷ்டி நீட்டினால் காசியோபியா என்னும் எம் வடிவக் கூட்டத்தின் ஓர விண்மீன் வரும். மேலும் மூன்று முஷ்டி சென்றால் துருவ விண்மீன். சப்தரிஷி மண்டலம் இந்த மாதங்களின் முன்னிரவில் நம் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால், துருவ விண்மீனைத் தேட இந்த வழியே உதவும். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8, மதுரையில் 10, சென்னையில் 13. மதுரை மாணவருக்கு அது சரியாக ஒரு முஷ்டி. வடக்கே மரமும் கட்டடமும் இல்லாத இடம் வேண்டும்.

நல்ல இருட்டான ஊர்களில் உள்ளவர்களுக்கு ஒரு பரிசும் உண்டு. சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காக இரண்டு விண்மீன்களைக் கடந்து, அங்கிருந்து வடமேற்கே திரும்பி மேலும் இரண்டைக் கடந்தால் மங்கலான ஒரு திட்டு தெரியும். அது ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம். வெறும் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம்?

தொடக்க வகுப்புகளில் எண்ணுவதும் வரைவதும் போதும். கறுப்புத் தாளில் சுண்ணக்கட்டியால் புள்ளிகள் வைக்கச் சொல்லலாம். கார்த்திகைப் பெண்கள் கதையைச் சொல்லலாம். ஒவ்வொரு படத்திலும் நாள், நேரம் இரண்டையும் எழுதப் பழக்குங்கள்.

நடுநிலை வகுப்புகளில், வாரம் ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் நின்று, கார்த்திகை எதிர்வீட்டு மாடிக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ எவ்வளவு மேலே இருக்கிறது என்று முஷ்டியால் அளக்கச் சொல்லலாம். விண்மீன்கள் தினமும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. பதினைந்து நாளில் ஒரு மணி நேரம், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கான சான்றை மாணவர் தன் நோட்டிலேயே காண்பார்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் எல்லோருடைய எண்ணிக்கையையும் அட்டவணையாக்கி, கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு கண்டறியலாம். தெருவிளக்கு உள்ள இடம், இல்லாத இடம் என்று பிரித்துப் பட்டை வரைபடம் வரையலாம். பிறந்தநாள் விண்மீன் என்றொரு விளையாட்டும் உண்டு. சிரியஸ் 8.6 ஒளியாண்டு, புரோசியான் 11.5, திருவோணம் 17, ஃபோமல்ஹாட் 25, ரோகிணி 65. மூன்றாம் வகுப்புக் குழந்தை இன்று காணும் சிரியஸ் ஒளி, அக்குழந்தை பிறந்த காலத்தில் புறப்பட்டது. மேல்நிலை மாணவருக்குத் திருவோணம், இளம் ஆசிரியருக்கு ஃபோமல்ஹாட், வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கு ரோகிணி. ஒளியாண்டு என்பது தொலைவா, காலமா என்ற குழப்பம் இதில் தீர்ந்துவிடும்.

சில எச்சரிக்கைகள்

இரவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கத் தேவையில்லை. வீட்டு வாசல் அல்லது கைப்பிடிச்சுவர் உள்ள மொட்டை மாடி போதும், உடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மழைக்காலம் என்பதால் புதர், தேங்கிய நீர், அறுந்து கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றில் கவனம் தேவை. மின்னல் வெட்டினால் உடனே உள்ளே போய்விட வேண்டும். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பைனாகுலர் கிடைத்தால் கார்த்திகையைப் பார்க்க அது மிகச் சிறந்த கருவி. ஆனால் அதைக் கொண்டு சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நாள் தேர்வும் எளிது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அன்று நிலவொளி இருக்காது. ஆனால் பட்டாசுப் புகை இருக்கும். புகை அடங்கிய அடுத்த சில நாட்களில், பிறை சீக்கிரம் மறையும் மாலைகளில், எண்ணும் வேலையைத் தொடங்கலாம். திருக்கார்த்திகையை ஒட்டி நிலவின் நகர்வைப் பார்க்கலாம். நடுவில் மேகம் மூடிய நாட்களில் "மேகம், எதுவும் தெரியவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அதுவும் ஒரு பதிவுதான். அப்படி எழுதி வரும் பிள்ளைக்கும், எட்டு விண்மீன் வரைந்து வரும் பிள்ளைக்கும் நம் கையொப்பமும் பாராட்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.